10(1): ஒரு கிராமக் கணக்கின் பயணம்

கிருஷ்ணகிரி மாவட்டத்து ராயக்கோட்டையில் ஏதாவது ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பட்டா நகல் எடுத்துப் பாருங்கள். தாளின் தலையில் 'நில உரிமை விபரங்கள்' என்று இருக்கும். அதையொட்டியே '10(1) பிரிவு' என்று ஒரு குறிப்பு இருக்கும். மாவட்டம், வட்டம், வருவாய் கிராமம், பட்டா எண், உரிமையாளர் பெயர் என்று மற்றவை எல்லாம் வாசித்தால் விளங்கும். இந்த 10(1) மட்டும் விளங்காது. வாங்குகிறவர் அதைக் கேட்பதில்லை. அச்சடித்துக் கொடுக்கிற பையனும் சொல்வதில்லை.

அது ஒரு கிராமக் கணக்கின் எண். பத்தாம் எண் கணக்கு, முதல் பிரிவு. ஊரார் அதைச் சிட்டா என்பார்கள். கணக்குப்பிள்ளையின் மூட்டையில் கிடந்த அந்தக் கணக்கு இன்று கைபேசித் திரையில் ஒரு பொத்தானாக நிற்கிறது. அது நடந்துவந்த வழியைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அரசின் இணையப் பக்கத்தில் நுழைந்த ஒரு தக்காளி விவசாயி எங்கே சொடுக்குவது என்று தெரியாமல் ஏன் திகைத்து நிற்கிறார் என்ற கேள்விக்கு அந்த வழியில்தான் பதில் கிடக்கிறது.

இந்தக் கணக்கு வளர்ந்த மண்ணைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1791 ஜூலையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மேஜர் கௌடி தலைமையிலான படை ராயக்கோட்டை மலைக்கோட்டையைப் பிடித்தது. அடுத்த ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் இந்த வட்டாரம் அடங்கிய பாராமகால் பகுதியைக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். அதை நிர்வகிக்க வந்தவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீட். தாமஸ் மன்றோ, வில்லியம் மெக்லியோட், ஜேம்ஸ் கிரஹாம் மூவரும் அவருக்கு உதவியாளர்கள். நால்வருமே பட்டாளத்துக்காரர்கள். வரி வசூலுக்கு இடைத்தரகர் ஒருவரை வைத்து அவரிடம் மொத்தமாக வாங்கிக்கொள்வது வங்காளத்தில் கம்பெனி கண்ட வழி. ரீட் இங்கே வேறு வழியில் போனார். நிலத்தை வயல் வயலாக அளந்தார், வயல் ஒவ்வொன்றுக்கும் தீர்வை கட்டினார், உழுகிறவனோடு நேரடியாகக் கணக்கு வைத்துக்கொண்டார். 1796ல் அவர் வெளியிட்ட அறிவிப்பு ரயத்துவாரி முறைக்கு அடித்தளமாகச் சொல்லப்படுகிறது. மன்றோ தருமபுரியில் உட்கார்ந்து இந்த முறையைக் கற்றுக்கொண்டார். 1820ல் சென்னை மாகாண கவர்னராகி, அதையே மாகாணம் முழுவதுக்கும் கொள்கையாக்கினார்.

இடையில் சறுக்கலும் உண்டு. 1802க்குப் பிறகு சேலம், பாராமகால் நிலங்களையே மிட்டாக்கள் என்ற சிறு ஜமீன்களாகப் பிரித்து விற்றுப் பார்த்தார்கள். பல மிட்டாக்கள் நொடித்துப் போயின. அந்தக் கதைக்குள் இப்போது போக வேண்டாம்.

நமக்கு வேண்டியது ஒன்று. ஆயிரக்கணக்கான விவசாயிகளோடு தனித்தனியாகக் கணக்கு வைப்பது என்று ஆனதும் எழுத்துவேலை பெருகிவிட்டது. இன்ன வயல், இன்ன பரப்பு, இன்ன தீர்வை என்று வயல்வாரியாக ஒரு பதிவு வேண்டும். இன்ன ஆளுக்கு எந்தெந்த வயல்கள், மொத்தம் எவ்வளவு தீர்வை என்று ஆள்வாரியாக ஒன்று வேண்டும். இந்த வருஷம் எந்த வயலில் என்ன பயிர் நிற்கிறது என்று பயிர்வாரியாக இன்னொன்று வேண்டும். பட்டா, சிட்டா, அடங்கல் என்ற பெயர்கள் ஏற்கெனவே வழக்கத்தில் இருந்தவைதான். காலப்போக்கில் அவை எண் போட்ட அச்சுப் படிவங்களாகி, கிராமக் கணக்குகள் என்று வரிசை பெற்றன. அடங்கல் இரண்டாம் எண் கணக்கு. சிட்டா 10(1). வயல்வாரியான நிரந்தரப் பதிவு 'அ' பதிவேடு.

இந்த அமைப்பை நான் மதிக்கிறேன். ஒரே தகவலுக்குள் நுழைய இரண்டு வாசல் வைத்திருக்கிறார்கள். சர்வே நம்பர் தெரிந்தால் 'அ' பதிவேட்டின் வழியாக நுழைந்து உரியவரைக் கண்டுபிடிக்கலாம். ஆளின் பெயர் தெரிந்தால் சிட்டாவின் வழியாக நுழைந்து அவர் வயல்களை எல்லாம் பார்க்கலாம். இன்றைக்கு இணையதளம் வடிவமைக்கிறவர்கள் படித்துத் தெரிந்துகொள்ளும் பாடம் இது. காகிதமும் மைக்கூடும் வைத்துக்கொண்டு அதைச் செய்திருக்கிறார்கள்.

ஆனால் அந்த வாசல்களின் பெயர் விவசாயிக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் அன்று இருக்கவில்லை. கணக்குப்பிள்ளை இருந்தார். தெலுங்கும் கன்னடமும் பேசும் இந்தப் பக்கத்து வீடுகளில் அவர் கர்ணம், அல்லது சானுபோகர். விவசாயி வந்து திண்ணையோரம் நின்று, "எங்கப்பா செத்துட்டாரு, அந்தக் கெணத்து மேட்டு நெலம் இன்னும் அவரு பேருலதானா இருக்குது?" என்று கேட்பார். கணக்குப்பிள்ளை மூட்டையை அவிழ்த்து எந்தக் கணக்கைப் புரட்ட வேண்டுமோ அதைப் புரட்டுவார். கேள்வி ஊர்ப்பேச்சில் வரும், பதிலும் ஊர்ப்பேச்சில் போகும். நடுவில் 'கணக்கு எண் 10(1)' என்பது அவர் மனசுக்குள் மட்டும் வந்து போகும்.

இதைச் சொல்லும்போது அந்தக் காலத்தை உயர்த்திச் சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கணக்கு அவர் கையில் இருந்தது, அதனால் கிராமமும் அவர் கையில் இருந்தது. பரம்பரையாக வந்த பதவி. எழுத்து தெரியாதவனின் நிலம் இன்னொருவன் பெயருக்குப் போன கதைகள் இந்த வட்டாரத்தில் எந்த ஊரிலும் கேட்கலாம். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தால் பரம்பரைக் கிராமப் பதவிகளை ஒழித்தது சரியான காரியம். அந்த இடத்துக்குத் தேர்வெழுதி வந்த கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். மூட்டை அலுவலகத்துக்கு இடம் மாறியது. கணக்குகளின் எண்கள் மட்டும் மாறவில்லை.

அதே காலத்தில் இன்னொரு பெரிய வேலை நடந்துகொண்டிருந்தது. 1979ல் தொடங்கி 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம். அந்த நீளப் பெயரை யாரும் சொல்வதில்லை. விவசாயி முதல் வக்கீல் வரை எல்லாருக்கும் அது ஆங்கிலச் சுருக்கத்தில் 'யுடிஆர்'. சிட்டாவின் வாழ்க்கையில் அது ஒரு மறுபிறப்பு. பட்டாதாரர்களின் பெயர்கள் புதிதாக எழுதப்பட்டன, கணக்குகள் திருத்தப்பட்டன, புதுப் பட்டா எண்கள் வந்தன. பெயரில் பிழை, பரப்பில் பிழை, அண்ணன் நிலம் தம்பி கணக்கில் ஏறிய பிழை என்று அன்று விழுந்தவற்றை இன்றுவரை திருத்திக்கொண்டிருக்கிறார்கள். 'யுடிஆர் தப்பு' என்றே ஒரு வழக்குச்சொல் உண்டு.

அப்போது இன்னொன்றும் நிலைபெற்றது. பரப்பு ஹெக்டேரிலும் ஏரிலும் எழுதப்பட்டது. இன்று பட்டா நகலில் பரப்புக் கட்டத்தில் '0 - 40.50' என்று இருந்தால் அது பூஜ்யம் ஹெக்டேர், நாற்பதரை ஏர். ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர், ஏறத்தாழ 2.47 சென்ட். கணக்குப் போட்டால் அந்த நிலம் ஒரு ஏக்கர். ஆனால் ராயக்கோட்டை மண்டியில் தக்காளிக் கூடை இறக்குகிற எவரிடமும் போய் உங்களுக்கு எத்தனை ஏர் நிலம் என்று கேட்டுப் பாருங்கள். ஏர் என்றால் அவருக்கு உழுகிற ஏர்தான். நிலத்தை அவர் ஏக்கர், சென்ட், குண்டா என்றுதான் வாங்குகிறார், விற்கிறார், பாகம் பிரிக்கிறார். தன் சொத்தின் அளவைத் தானே வாசிக்க முடியாத தாளை அவர் கையில் கொடுத்து நாற்பது வருஷமாகிறது. பக்கத்தில் ஒரு கட்டம் கூட்டி ஏக்கர்-சென்ட் கணக்கையும் அச்சிட எந்தச் சட்டமும் தடையாக இருக்க முடியாது.

அப்புறம் கணினி வந்தது. 1988-89ல் மத்திய அரசு நிலப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றும் திட்டத்தை எட்டு மாவட்டங்களில் சோதனையாகத் தொடங்கியது. தமிழ்நாட்டில் தேசிய தகவலியல் மையம் உருவாக்கிய மென்பொருளுக்குத் 'தமிழ்நிலம்' என்று பெயர். வட்டாட்சியர் அலுவலகங்களில் உட்கார்ந்து சிட்டாவை வரி வரியாகத் தட்டினார்கள். எழுத்துரு ஒரு தொல்லை. ஓர் இயந்திரத்தில் தட்டிய தமிழ் இன்னோர் இயந்திரத்தில் குப்பையாகத் தெரிந்த காலம் அது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டில் ஒரு விசைப்பலகைக்கும் குறியேற்றத்துக்கும் தரம் வகுத்தார்கள். 2010ல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. அதன் பிறகே ஒரு பெயரைத் தட்டி எங்கிருந்தும் தேடலாம் என்ற நிலை வந்தது.

எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடகம் முந்திக்கொண்டது. 'பூமி' என்ற திட்டத்தில் 67 லட்சம் விவசாயிகளின் 2 கோடி நிலப் பதிவுகளைக் கணினியில் ஏற்றி, தாலுகா அலுவலகங்களில் கவுண்டர் வைத்து, 15 ரூபாய்க்கு நகல் கொடுத்தார்கள். கையெழுத்துப் பிரதிகள் செல்லாது என்றும் அறிவித்தார்கள். ஓசூர் பக்கத்து மக்களுக்கு அத்திப்பள்ளியிலும் ஆனேக்கல்லிலும் உறவும் நிலமும் உண்டு. அங்கே நிலத்துக்காரர் கேட்டு வாங்கும் தாள் 'பஹணி'. உரிமையும் பயிரும் ஒரே தாளில் இருக்கும். இன்னொரு பக்கம் ஆந்திரத்தின் குப்பத்தில் நிலம் இருக்கிறவருக்கு 'அடங்கல்' என்றால் உரிமையாளர் பெயரும் சாகுபடிக்காரர் பெயரும் சேர்ந்து வருகிற தாள். அதே அடங்கல் தமிழ்நாட்டுக்குள் வந்தால் பயிர்க் கணக்கு. மூன்று மாநிலங்கள் முட்டிக்கொள்ளும் இந்த மூலையில் ஒரு பேருந்துத் தூரத்துக்குள் ஒரே சொல் வேறு வேலை செய்கிறது. இங்கே பதிவேட்டின் பெயரை மட்டும் வாசலில் எழுதி வைத்தால் போதும் என்று நினைப்பவர், இந்த ஊரை அறியாதவர்.

கடைசியில் சிட்டா இணையத்துக்கு வந்தது. உள்ளபடியே பெரிய சாதனை. ஒரு நகலுக்காக வட்டாட்சியர் அலுவலகம் உள்ள தேன்கனிக்கோட்டைக்குப் பஸ் ஏறி, அதிகாரி இல்லை என்று திரும்பி, மறுநாளும் போய் நின்ற கூலி நாள்களை அது மிச்சப்படுத்தியது. பட்டாவும் சிட்டாவும் ஒரே தாளாயின. 2022 முதல் பட்டா மாறுதலுக்கும் வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம் என்றானது. அந்தச் சேவைக்கு 'எங்கிருந்தும் எந்நேரத்திலும்' என்று பெயர் வைத்தவரைப் பாராட்ட வேண்டும். படித்தவுடன் என்ன கிடைக்கும் என்று சொல்லிவிடுகிற பெயர்.

உள்ளே போனால்தான் பழைய மூட்டை தெரிகிறது. பட்டா, சிட்டா, 'அ' பதிவேடு, புலப்படம், நகர நில அளவைப் பதிவேடு, அரசு புறம்போக்கு என்று பொத்தான்கள். இவை எல்லாம் துறையின் அலமாரியில் உள்ள பதிவேடுகளின் பெயர்கள். கணக்குப்பிள்ளை எழுந்து போய்விட்டார். அவர் மனசுக்குள் இருந்த பெயர்கள் வாசற்பலகையாகிவிட்டன. விவசாயி கொண்டுவந்த கேள்வி அந்தப் பலகையில் எங்கேயும் இல்லை.

கம்ப்யூட்டர் சென்டரில் அன்றாடம் நடக்கிற பேச்சு இந்த மாதிரி இருக்கும்.

"தம்பி, சொசைட்டில பயிர்க்கடனுக்குக் கம்ப்யூட்டர் சிட்டா கேக்கறாங்க."

"பட்டா நம்பர் இருக்குதாங்கண்ணா?"

"அது தெரியலையே. சர்வே நம்பர் பழைய பத்திரத்துல இருக்குது."

"உட்பிரிவு?"

"அப்படின்னா?"

"கீழ ஏ, பி, ஒண்ணு, ரெண்டுன்னு போட்டிருக்குமே, அதுங்கண்ணா."

இந்த உரையாடலில் அந்தப் பையன் செய்கிற வேலை என்ன? பழைய கணக்குப்பிள்ளையின் வேலையில் நல்ல பாதியை அவன் செய்கிறான். 'உட்பிரிவு' என்பதை எப்படிச் சொன்னால் எதிரில் இருப்பவருக்கு விளங்கும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அவன் வாயால் சொன்ன அந்த ஒரு வரி, திரையில் அந்தக் கட்டத்தின் கீழேயே இருந்திருக்கலாம்.

திரை அடுத்தடுத்துக் கேட்கிறவற்றைப் பாருங்கள். முதலில் மாவட்டம். ராயக்கோட்டைக்காரரின் தாத்தா பத்திரத்தில் சேலம் ஜில்லா என்று இருக்கும். 1965 அக்டோபர் 2ல் தருமபுரி தனி மாவட்டமானது. 2004 பிப்ரவரி 9ல் கிருஷ்ணகிரி பிரிந்தது. ஒரே வயலுக்கு மூன்று தலைமுறையில் மூன்று மாவட்டம். அடுத்து வட்டம். ராயக்கோட்டை தன்னளவில் பெரிய ஊர், ரயில் நிலையம் உள்ள ஊர், கோட்டை உள்ள ஊர். ஆனால் வட்டம் தேன்கனிக்கோட்டை. பிறகு கிராமம். அவர் வசிப்பது ஒரு கொட்டாய், அதாவது சிறு குடியிருப்பு. ரேஷன் கார்டில் ஒரு பெயர், வாக்காளர் அட்டையில் ஒரு பெயர் இருக்கும். வருவாய் கிராமம் மூன்றாவதாக ஒன்று. தெலுங்கும் கன்னடமும் கலந்த ஊர்ப் பெயர்கள், 'பள்ளி' என்றும் 'அள்ளி' என்றும் முடிகிறவை, பட்டியலில் எந்த எழுத்தில் தொடங்கியிருக்கும் என்பதும் தெரியாது. 'வருவாய் கிராமம்' என்ற தலைப்பின் கீழே, 'உங்கள் வரி ரசீதில் அல்லது பத்திரத்தில் உள்ள கிராமத்தின் பெயர். நீங்கள் வசிக்கும் ஊரின் பெயர் வேறாக இருக்கலாம்' என்று இரண்டு வரி போதும். பாதிப் பேர் அங்கே தடுமாறுவது நின்றுவிடும் என்று நம்புகிறேன்.

அப்புறம் ஊரகமா, நத்தமா, நகரமா? நத்தம் என்றால் கிராமத்தில் வீட்டுமனை உள்ள பகுதி என்று விவசாயிக்குப் பொதுவாகத் தெரியும். ஓசூர்ப் பக்கத்தில்தான் சிக்கல். 2019ல் ஓசூர் மாநகராட்சி ஆனது. நேற்று ராகி விளைந்த காடு இன்று மாநகராட்சி எல்லைக்குள் இருக்கிறது. மாநகராட்சி எல்லையும் நகர நில அளவை எல்லையும் ஒன்றாக இருந்தாக வேண்டும் என்பதில்லை. அந்த நிலத்துக்காரர் எதைத் தேர்ந்தெடுப்பார்? தவறாகத் தேர்ந்தெடுத்துத் தகவல் இல்லை என்ற பதிலைப் பார்த்தால், நிலமே தன் பேரில் இல்லையோ என்று அவர் வயிறு கலங்கும். அந்த இடத்தில் 'இந்தப் பிரிவில் கிடைக்கவில்லை. நகரம் என்று தேர்ந்தெடுத்துப் பாருங்கள்' என்று ஒரு வரி இருந்தால் அவர் கலங்க வேண்டியதில்லை.

இயந்திரம் தேடவில்லை, மனிதர்தான் தேடுகிறார் என்று உறுதிசெய்யும் எழுத்துப் படம் ஒன்று கடைசியில் வரும். அதற்கு 'அங்கீகார மதிப்பு' என்று பெயர் வைத்தால், அங்கீகாரம், மதிப்பு என்ற இரண்டும் நிலம் சம்பந்தமான சொற்களாகவே காதில் விழும். நிலத்தின் அரசு மதிப்பைக் கேட்கிறார்கள் என்று ஒருவர் நினைத்தால் குற்றம் அவருடையதா? 'மேலே தெரியும் எழுத்துகளை அப்படியே தட்டுங்கள்' என்றால் முடிந்தது.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் வந்ததில்லை. 1990களில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் பீட்டர் பிரோலி, ஸ்டூவர்ட் கார்ட் என்ற இருவர், மனிதர்கள் தகவல் தேடும் விதத்தை ஆராய்ந்தார்கள். காட்டு விலங்கு மோப்பம் பிடித்து இரை தேடுவது போலத்தான் நாமும் தேடுகிறோம் என்றார்கள். ஒரு சொல்லைப் பார்த்ததும் இதன் பின்னால் நமக்கு வேண்டியது இருக்கும் என்று வாடை வந்தால் சொடுக்குகிறோம். வாடை வராவிட்டால் திரும்பிவிடுகிறோம். 2012 அக்டோபரில் பிரிட்டிஷ் அரசு தன் துறைகளின் தனித்தனித் தளங்களை ஒரே தளமாகச் சேர்க்கத் தொடங்கியபோது, துறையின் பெயரை முன்னால் வைக்காமல் மக்கள் செய்ய வந்த வேலையை முன்னால் வைத்தார்கள். மக்கள் தேடும்போது எந்தச் சொல்லைத் தட்டுகிறார்கள் என்று பார்த்து அந்தச் சொல்லையே தலைப்பில் போட்டார்கள். இந்திய அரசும் 2009 முதலே தன் இணையதளங்களுக்கு வழிகாட்டு நெறிகள் வைத்திருக்கிறது. எளிய மொழி, போகும் இடத்தைச் சொல்லும் இணைப்புச் சொற்கள் எல்லாம் அதில் உண்டு.

இணைப்புச் சொல் என்றதும் ஒரு கூட்டத்தாரை நினைக்க வேண்டும். பார்வையற்றவர்கள் திரைவாசிப்பான் என்ற மென்பொருளால் பக்கத்தைக் காதால் கேட்கிறார்கள். இணைப்புகளை மட்டும் வரிசையாக வாசிக்கச் சொல்லித் தேடுவது அவர்கள் வழக்கம். பத்து இடத்தில் 'இங்கே சொடுக்கவும்' என்று எழுதிய பக்கத்தில் அவர்களுக்குப் பத்து முறை அதே இரண்டு சொல்தான் கேட்கும். 'பட்டா நகல் எடுக்க', 'பட்டா மாறுதல் மனு எந்த நிலையில் உள்ளது என்று பார்க்க' என்று இருந்தால் கேட்ட மாத்திரத்தில் தெரிந்துவிடும்.

இவ்வளவும் சொன்னதும் அலுவலகத்தில் இருப்பவர்கள் ஒரு மறுப்புச் சொல்வார்கள். இவை சட்டத்திலும் விதியிலும் உள்ள பெயர்கள், நினைத்தபடி மாற்ற முடியாது என்பார்கள். நியாயமான மறுப்பு. கோர்ட்டில் 'அ' பதிவேடு 'அ' பதிவேடாகத்தான் இருக்க வேண்டும். தாளின் தலையில் 10(1) இருப்பதிலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. தாளின் தலைப்பு பதிவேட்டைச் சொல்லட்டும், வாசற்பலகை வந்தவரின் வேலையைச் சொல்லட்டும். இரண்டும் ஒரே எழுத்தாக இருக்க வேண்டும் என்று எந்த விதியும் கேட்கவில்லை.

எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிற இன்னொரு யோசனையில் எனக்கு உடன்பாடில்லை. பட்டா, சிட்டா, பசலி, ஜமாபந்தி எல்லாம் பிறமொழி வழி வந்தவை, தூய தமிழில் புதுப்பெயர் வைத்தால் விளங்கிவிடும் என்கிறார்கள். விளங்காது. இருநூறு வருஷமாக நம் மக்கள் வாயில் புழங்கிய சொல் அது. பாகப்பிரிவினையில், கல்யாணப் பேச்சில், கடன் வாங்கும்போது வருகிற சொல். பட்டா என்றால் என்ன என்று ராயக்கோட்டையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அதை எடுத்துவிட்டு அகராதியிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து வைத்தால், தெரிந்த ஒரே சொல்லையும் பிடுங்கிக்கொண்டதாகும். அதே நியாயத்தில்தான் 'புல எண்' என்பதன் பக்கத்தில் 'சர்வே நம்பர்' என்றும், 'புலப்படம்' என்பதன் பக்கத்தில் 'எஃப்எம்பி, நிலத்தின் எல்லை வரைபடம்' என்றும் இருக்க வேண்டும் என்கிறேன். மக்கள் சொல்கிற சொல் முதலில், அலுவலகச் சொல் பக்கத்தில். இரண்டையும் சேர்த்துப் பார்க்கப் பார்க்க மக்களும் அலுவலகச் சொல்லைக் கற்றுக்கொள்வார்கள்.

என் கையில் விட்டால் முதல் பக்கத்தை இப்படி எழுதுவேன். 'இந்த நிலம் யார் பெயரில் இருக்கிறது? பட்டா, சிட்டா பார்க்க.' 'நிலத்தின் எல்லையும் அளவும்: புலப்படம் பார்க்க.' 'நிலம் வாங்கிவிட்டேன், பட்டாவை என் பெயருக்கு மாற்ற வேண்டும்.' 'அப்பா, அம்மா காலமாகிவிட்டார்கள், வாரிசுகள் பெயருக்குப் பட்டா வேண்டும்.' 'கூட்டுப் பட்டாவில் இருந்து என் பங்கைத் தனிப் பட்டாவாக்க வேண்டும்.' 'இது புறம்போக்கா என்று தெரிய வேண்டும்.' பட்டா மாறுதல் என்ற ஒரே பெயருக்குள் இவற்றில் மூன்று வேலைகள் அடங்கிவிடுகின்றன. விண்ணப்பத்தில் 'உட்பிரிவு உள்ளது, உட்பிரிவு அற்றது' என்று கேட்கும்போது, நிலம் முழுதையும் வாங்கினீர்களா அதில் ஒரு பகுதியை வாங்கினீர்களா என்பதுதான் கேள்வி என்று எத்தனை பேருக்குத் தெரியும்? பகுதி என்றால் நில அளவையர் வந்து அளந்து கல் போட வேண்டும், செலவும் காலமும் கூடும். இதைத் தெரியாமல் தவறாகத் தேர்ந்தெடுத்தவர் மனு தள்ளுபடியாகி மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்.

அதே பக்கத்தில் இன்னொரு வரியும் வேண்டும். 'நிலத்தில் கடன், அடமானம், பழைய விற்பனை உண்டா என்று பார்க்க: வில்லங்கச் சான்று, பதிவுத்துறை தளத்துக்குச் செல்ல.' பத்திரம் பதிவது ஒரு துறை, பட்டா கொடுப்பது இன்னொரு துறை. நிலம் வாங்குகிறவருக்கு இரண்டும் ஒரே அரசு. ஒரு வாசலில் வந்தவரை அடுத்த வாசலுக்குக் கைகாட்டி அனுப்புவது அந்த அரசின் பொறுப்பு.

இன்றைக்கு இது எதனால் அவசரம் என்றால், ராயக்கோட்டையைச் சுற்றி நிலம் கைமாறும் வேகத்தால். ஓசூரில் சிப்காட்டும் அசோக் லேலண்டும் டைட்டனும் டிவிஎஸ்ஸும் வந்த காலத்தில் அது ஓசூரோடு நின்றது. இப்போது தொழிற்சாலைகள் ராயக்கோட்டைச் சாலையில் உத்தனப்பள்ளி வரை வந்துவிட்டன. அங்கே சிப்காட்டுக்காக நிலம் எடுக்கும் முயற்சியை எதிர்த்து விவசாயிகள் போராடினார்கள். நிலத்தைக் கொடுக்கிறவருக்கும் கொடுக்க மறுக்கிறவருக்கும், இழப்பீடு கேட்கிறவருக்கும் ஆட்சேபணை எழுதுகிறவருக்கும் முதலில் வேண்டிய தாள் அந்த 10(1)தான். அதில் பெயர் தவறாக இருப்பது தெரியாமல் போனால், தெரிய வரும் நாளில் நிலம் கைவிட்டுப் போயிருக்கும்.

பக்கத்தைத் திருத்தப் பெரிய செலவு ஏதும் இல்லை. தரவுத்தளத்தைத் தொட வேண்டியதில்லை, புது மென்பொருள் எழுத வேண்டியதில்லை. பொத்தான்களின் மேல் உள்ள எழுத்தும் கட்டங்களின் கீழே இரண்டு வரியும்தான் மாற வேண்டும். அந்த எழுத்தை யார் எழுதுவது என்பதுதான் விஷயம். வருவாய்த் துறைக்கும் தகவலியல் மையத்துக்கும் என் வேண்டுகோள் இது: உங்கள் ஆள்களில் இருவரை ஒரு வாரம் ராயக்கோட்டை இ-சேவை மையத்தில் உட்காரவையுங்கள். சந்தை நாளிலும் உட்காரட்டும், ஜமாபந்தி நடக்கும் நாள்களிலும் உட்காரட்டும். வருகிறவர்கள் வாயைத் திறந்து முதலில் கேட்கிற கேள்வியைத் தமிழானாலும் தெலுங்கானாலும் கன்னடமானாலும் அப்படியே எழுதி எடுத்துவாருங்கள். திரையில் போட வேண்டிய சொற்கள் எல்லாம் அந்தக் குறிப்பேட்டிலேயே இருக்கும்.